முகடிக்கு முகம் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

முகடி, செய்யாள் என்னும் இரட்டைச் சகோதரிகளின் கதையாக நான் ஏழு ஆண்டுகள் எழுதிய மாய உலக நாவல், அச்சாகிக் கட்டுக்கட்டாக பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இருள் மண்டிய கதை அது. அதற்குள் என்னைத் தனியே விடாமல் உடன் வந்தவர்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி என் தாத்தாவுக்கு. அல்சூர் ஏரியருகே 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்படும் வரை 18 ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. பள்ளிக்குப் போகும் வழியில் அதைப் பார்த்துப் பயந்த என்னிடம், "உள்ளே வள்ளுவர் இருக்கிறார் கண்ணு, நேரம் வந்தால் வெளியே வருவார்" என்று தாத்தா சொல்வார். துணி சுற்றி மலைக்குள் அடைக்கப்பட்டு 18 ஆண்டுகள் காத்திருக்கும் முகடி, அந்தப் பயத்திலிருந்தும் அந்தப் பதிலிலிருந்தும் பிறந்தவள்.

ஆனாலும் முதல் வரைவில் அவளை நான் வெறும் பேயாகத்தான் எழுதியிருந்தேன். அதைத் திருத்தியவர் தமிழ்ச் சங்க நூலகத்தில் நான் சந்தித்த அம்மையார் ஒருவர். பொறாமை கொண்டவனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டு நீங்குவாள் என்னும் 167ஆம் குறளையும், சோம்பலில் மாமுகடி, அதாவது மூதேவி, உறைகிறாள் என்னும் 617ஆம் குறளையும் உரையோடு எடுத்து வைத்து, "தவ்வை என்றால் அக்காள் அம்மா, அரக்கி இல்லை" என்றார். காக்கைக் கொடியும், மாட்டு முகம் கொண்ட மகனும், பக்கத்தில் மகளுமாக அவள் அமர்ந்திருக்கும் சிற்பங்களைப் பற்றியும், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்திலேயே அவளுக்கு இடம் இருந்ததையும் விளக்கினார். வசைச்சொல்லாக மட்டுமே நான் கேட்டு வளர்ந்த மூதேவியை ஒரு காலத்தில் மக்கள் கும்பிட்டார்கள் என்று அறிந்த அன்றிரவு, எழுதியதில் பாதியைக் கிழித்துப் போட்டேன்.

காக்ஸ் டவுனைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் இருவருக்கு நான் பட்ட கடன் பெரிது. முகடியை அடைத்த கல்கதவு அவளுடைய பெருவிரல் ரேகைக்கு மட்டுமே திறக்கும், உருவத்தில் வேறுபாடில்லாத தங்கை தன் விரலை வைத்து அதை ஏமாற்றுவாள் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த தங்கை, அக்காவின் கைபேசியை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார், பூட்டு திறந்தது. பிறகு விரலை வைத்தார், திறக்கவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களானாலும், வயிற்றுக்குள் இருக்கும்போதே ரேகைகள் தனித்தனியாக உருவாகிவிடுவதால் அவை ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே என் நாவலிலும் கதவு திறக்கவில்லை. செய்யாள் வெளியே உட்கார்ந்து, அத்தனை காலமும் தான் சொல்ல மறுத்த "அக்கா" என்ற சொல்லைச் சொல்லி அழைக்க வேண்டியதாயிற்று. இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அதுதான்.

அந்த வீட்டு அக்கா இன்னொன்றும் சொன்னார். நினைவு தெரிந்த நாள் முதல் உறவினர்கள் தங்களை நிறுத்தி வைத்து, "உங்களில் யார் நல்ல பிள்ளை?" என்று கேட்டு வந்ததாகச் சொன்னார். என் நாவலில் வரும் சூனியக்காரி உச்சரிக்கும் மந்திரம் அந்தக் கேள்வியேதான், மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

மெய்ப்புப் பார்த்த ஐயா, ஒற்றுப் பிழைகளோடு என் அவசரத்தையும் திருத்தினார். ஓரிடத்தில் பென்சிலால், "இந்த அழுகை மூத்தவளுடையதா, இளையவளுடையதா?" என்று கேட்டிருந்தார். எனக்கே தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

முதலில் வேலையை ஏற்ற அச்சகம் இரண்டு பாரங்களை (மடித்த அச்சுத் தாள் தொகுதிகளை) இடம் மாற்றித் தைத்து அனுப்பிவிட்டது. சிவாஜி நகரில் பைண்டிங் செய்யும் அண்ணனும் அண்ணியும் தையலைப் பிரித்து, அடுக்கி, இரண்டு இரவுகளில் 300 படிகளையும் மறுபடி கட்டித் தந்தார்கள். அண்ணியின் விரல்களில் ஊசி குத்திய தடங்களைப் பார்த்தேன். கூலிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்கள்.

காக்ஸ் டவுன் சகோதரிகளுக்குரிய இரண்டு படிகளையும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்று தங்கை சொன்னார்; நான் சம்மதிக்கவில்லை.

நன்றியுடன்,
நூலாசிரியர்
அல்சூர், பெங்களூரு