ரெண்டு ராத்திரி பஸ்கா

செல்வி,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதி ஆச்சு. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாம நீயே போட்டு விடு, அவங்க கையில குடுத்துறாத. இங்க பெரியவன் காலேஜுக்குக் கிளம்பிட்டான், வீடு வெறிச்சோடிக் கெடக்கு, அதனால சாயங்காலம் ஆனா பக்கத்து வீட்டு யூதப் பாட்டி வாசல்லதான் உக்காந்திருக்கேன்.

நீ கேட்டிருந்தல்ல, அந்தப் பாட்டி ரொம்ப கன்சர்வேட்டிவ்னு சொல்றியே, நம்ம ஊரு ஆச்சாரம் மாதிரிதானான்னு. அதைப் பத்தி நிறைய யோசிச்சேன்டி. முதல்ல அந்த வார்த்தையே இங்க குழப்பம். யூதர்கள்ல கன்சர்வேட்டிவ்னு தனியா ஒரு பிரிவு இருக்கு, ஆனா அவங்க பாட்டியோட ஆர்த்தடாக்ஸ் ஆளுங்களைவிட, அதாவது பழைய விதியை அப்படியே கடைப்பிடிக்கிறவங்களைவிடத் தளர்வு, ஓய்வுநாள்ல ஜெப ஆலயத்துக்கு கார் ஓட்டிட்டுப் போகலாம்னு 1950லயே அவங்க மதகுருமார், ரபிம்பாங்க, சிலர் அனுமதி குடுத்துட்டாங்க. பாட்டி பனி கொட்டினாலும் நடைதான். அரசியல் கணக்குலயும் சரியா பொருந்தல. இங்க அமெரிக்காவுல ஆர்த்தடாக்ஸ் ஆளுங்க நிறைய பேர் வலதுசாரி குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுறாங்க, ஆனா அவங்க வேதத்துல வயலோட ஓரத்தை அறுக்காம ஏழைக்கு விடு, ஏழாவது வருஷம் கடனைத் தள்ளுன்னு இருக்கு, இதை எந்தக் கட்சியில சேர்க்க?

எனக்குப் புரிஞ்சது பஸ்கா பண்டிகை அப்பதான், எகிப்து அடிமைத்தனத்துல இருந்து விடுதலை ஆனதை அவங்க கொண்டாடுறது. பாட்டியோட மக ஜெருசலேம்ல இருக்கா, அங்க முதல் ராத்திரி விருந்து ஒரு தடவைதான், இங்க பாட்டி ரெண்டு ராத்திரி வைக்கிறாங்க. ஏன் பாட்டின்னு கேட்டேன். அந்தக் காலத்துல பிறையைப் பார்த்த சாட்சி வந்து சொன்னப்புறம்தான் ஜெருசலேம்ல மாசம் பிறந்ததா அறிவிப்பாங்களாம், அந்தச் செய்தி தூர ஊருக்குப் போய்ச் சேர நாளாகும், எந்த நாள்னு சந்தேகம் இருந்ததால வெளியூர்க்காரங்க ரெண்டு நாளும் கொண்டாடியிருக்காங்க. அப்புறம் காலண்டரே கணக்குப் போட்டு வந்துருச்சு, சந்தேகம் தீர்ந்துச்சு. இனிமே எதுக்கு ரெண்டு நாள்னு கேட்டதுக்கு, உங்க அப்பன் பாட்டன் வழக்கத்தைப் பத்திரமா வச்சுக்கோங்க, நாளைக்கு ஏதாவது அரசாங்கம் தடை போட்டா கணக்கு மறந்து குழம்பிரும்னு இஸ்ரேல் தேசத்து ஞானிகள்கிட்ட இருந்து பதில் வந்துச்சாம். அவங்க பழைய ரபிமாரோட விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூல்லயே இருக்கு இது. நம்ம கையில இருக்குறது நம்மளோடது இல்ல, வாங்கி அடுத்தவங்க கையில குடுக்க வேண்டியது, நமக்கு காரணம் தெரியலன்னு தூக்கிப் போட உரிமை இல்லைன்னு பாட்டி சொன்னப்ப எனக்கு எங்க ஆச்சி ஞாபகம் வந்துருச்சு.

அப்ப எதுவும் மாறாதான்னா, அதுவும் இல்ல. 1800கள்ல ஹங்கேரி பக்கம், இன்னைக்கு பிராட்டிஸ்லாவான்னு சொல்ற ஊர்ல, ஹதாம் சோஃபேர்னு ஒரு பெரிய ரபி, சீர்திருத்தக்காரங்களை எதிர்த்து புதுசுன்னா தோராவுல, அதாவது அவங்க வேதத்துல, தடைன்னு சொன்னாரு. அந்த வாக்கியம் நிஜத்துல புதுத் தானியத்தைப் பத்தின விதி, பஸ்காவுல காணிக்கை குடுக்குற வரைக்கும் அந்த வருஷத்துப் புது விளைச்சலைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். அதை இப்படித் திருப்பினதே புதுசுதான! அதே மாதிரி ஏழாவது வருஷம் கடன் தள்ளுபடி ஆயிரும்னு பயந்து பணக்காரங்க ஏழைக்குக் கடனே குடுக்காமப் போனப்ப, ஹில்லேல்ங்கிற ஞானி கடனைக் கோர்ட்டு பொறுப்புல விடுற மாதிரி ஒரு பத்திரம் கொண்டுவந்தாரு. விதியோட நோக்கம் சாகாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது சாரா ஷெனிரர் கதைதான். போலந்துல கிராகோவ் ஊர்ல ஒரு தையல்காரம்மா. பசங்க வேதபாடசாலைக்குப் போவாங்க, பொண்ணுங்க போலிஷ் ஸ்கூலுக்குப் போய் போலிஷ் புத்தகம் படிச்சு வீட்டு வழக்கமே வேண்டாம்னு விலகிப் போறதைப் பார்த்து அந்தம்மா மனசு தாங்கல. பொண்ணுக்கு தோரா சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு தல்மூத்லயே ஒரு ரபியோட கருத்து இருக்கு, அப்படி இருந்தும் 1917ல பெண்பிள்ளைகளுக்குன்னு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, பெல்ஸ் ஊரு ரபிகிட்ட ஆசி வாங்கிட்டு. பெரிய அறிஞர் ஹாஃபெட்ஸ் ஹாயிமும் ஆதரிச்சாரு, முன்னாடி வீட்டைப் பார்த்தே பொண்ணு கத்துக்கிட்டா, இன்னைக்கு அந்த வீடு அப்படி இல்ல, அதனால சொல்லிக் குடுக்குறது கடமைன்னாரு. ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி போலந்துல 200க்கு மேல பள்ளி ஆயிருச்சு, பெய்த் யாக்கோவ்னு பேரு. பாட்டியோட அம்மா அதுல ஒண்ணுல படிச்சவங்க. பழசைக் காப்பாத்தணும்னுதான் அவ்ளோ பெரிய புதுசைச் செஞ்சிருக்காங்க, அதை நினைச்சா இப்பவும் சிலிர்க்குதுடி.

எல்லாத்துலயும் நான் பாட்டி பக்கம்னு நினைக்காத. விவாகரத்துப் பத்திரத்தைப் புருஷன்தான் குடுக்கணும், அவன் குடுக்கலைன்னா அவ மறுபடி கல்யாணம் பண்ண முடியாது, வருஷக்கணக்கா அப்படியே கட்டுண்டு கெடக்கா. இதைக் கேட்டு எனக்கு ஆத்திரமா வந்துச்சு, பாட்டிகிட்டயே சொல்லிட்டேன். பத்திரம் குடுக்குற வரைக்கும் தினமும் இவ்வளவு பணம் பொண்டாட்டிக்குக் கட்டணும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதி வாங்குற முறை இப்ப இருக்குன்னாங்க, பேத்தி கல்யாணத்துல அவங்களே நின்னு கையெழுத்து வாங்குனாங்களாம். நல்லதுதான், ஆனா அதுல கையெழுத்து வாங்காத வீட்டுப் பொண்ணு என்ன பண்ணுவான்னு கேட்டேன். பாட்டி ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அது எங்க மேல இருக்குற பாவம்னு மட்டும் சொன்னாங்க.

உங்க ஸ்கூல்ல ஒன்பதாவதோட நின்ன அந்தப் பொண்ணு திரும்ப வந்தாளா? ஜூலைல ஊருக்கு வர்றேன், அவ வீட்டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பேசிட்டு வருவோம்.

உன்
மீனா