காட்டிய திரை ஒன்று, பெட்டியில் வந்த திரை வேறு

அனுப்புநர்:
ஓவியர், அழைப்பிதழ் வடிவமைப்பாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
லேப்டாப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: ஓவியர்களுக்கானது என்று விற்ற லேப்டாப்பில் விளம்பரத்தில் சொன்ன திரை இல்லை. திரையை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஐயா / அம்மையீர்,

கடந்த பொங்கல் விற்பனையின்போது உங்கள் புதுச்சேரி ஷோரூமில் ரூ. 78,990 கொடுத்து ஒரு லேப்டாப் வாங்கினேன். பில் நகலும் சீரியல் நம்பரும் இத்துடன் இருக்கின்றன. ஓவியர்களுக்கும் டிசைனர்களுக்கும் என்றே தனி வரிசை போட்டு, பெட்டிமேல் தூரிகைப் படமும் அச்சடித்து நீங்கள் விற்கிற மாடல் அது. அதன் திரை எஸ்ஆர்ஜிபி (படங்களுக்கான பொதுவான வண்ண அளவு) வண்ணங்களை 100 சதவீதம் காட்டும் என்று உங்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது. ஷோரூமில் கையில் கொடுத்த நோட்டீஸிலும் இருக்கிறது. எனக்கு வந்த லேப்டாப் 62 சதவீதம்தான் காட்டுகிறது. புகார் இந்த ஒன்றுதான். பேட்டரி, கீபோர்டு, வேகம் எதிலும் எனக்குக் குறையில்லை.

போனில் சொன்னேன், சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனேன், மெயிலும் போட்டேன். "ஹார்டுவேரில் பழுது இல்லை" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். அதனால் இந்த முறை விவரமாகவே எழுதுகிறேன்.

கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை, கடைகளுக்கு லேபிள், காலண்டர் படம் இவைதான் என் பிழைப்பு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறி, பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டரும் போய்விட்டன. இனி வாங்கினால் கையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறுகிற மாதிரி ஒன்றுதான் என்று அப்போதே முடிவு செய்தேன். இரவல் கணினியில் காலத்தை ஓட்டிப் பணம் சேர்த்து வாங்கிய லேப்டாப் இது.

வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டுமோ அதையெல்லாம் பார்த்தேன். பெரிய கிராபிக்ஸ் கார்டு எனக்குத் தேவையில்லை. 3டி செய்கிறவர்களுக்கும் வீடியோ எடிட்டிங் ஆட்களுக்கும்தான் அது வேண்டும். போட்டோஷாப்பிலும் கிரிட்டாவிலும் வரைகிறவனுக்கு ராமும் திரையும் முக்கியம். ஏ3 அளவில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு படம் திறந்தால் 3508 × 4961 பிக்சல். முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கே (படத்தின் ஓர் அடுக்கு) கிட்டத்தட்ட 70 எம்பி போகும். முப்பது நாற்பது லேயர் ஏறி, அன்டூவும் சேர்ந்துகொண்டால் 8 ஜிபி ராம் திணறும். ஆகவே 16 ஜிபி எடுத்தேன். அது பிரச்சினையில்லாமல் ஓடுகிறது.

அதிகம் யோசித்தது திரைக்காகத்தான். எஸ்ஆர்ஜிபி என்பது 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த வண்ண அளவு. இணையத்தில் போகிற படம், வாட்ஸ்ஆப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்புகிற மாதிரி எல்லாம் இன்றும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. விலை குறைந்த லேப்டாப்களில் 45 சதவீத என்டிஎஸ்சி (பழைய டிவி காலத்து வண்ண அளவுகோல்) பேனல், அதாவது திரைப் பலகை, போடுவார்கள். மெயில் பார்க்கவும் கணக்கு எழுதவும் அது தாராளம். எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டுகிற பேனல், அதே பழைய அளவுகோலில் 72 சதவீதம் என்று வரும். வரைகிற ஆள் அந்த 45-ஐத் தொடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் 100 சதவீதம் என்று போட்டிருந்ததால்தான், ஏழெட்டாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்த வேறு கம்பெனி லேப்டாப்களை விட்டுவிட்டு இதற்கு வந்தேன்.

வெறும் நோட்டீஸை நம்பியும் வாங்கவில்லை. என் படங்களைப் பென் டிரைவில் எடுத்துப்போய், ஷோரூம் மேசையில் இருந்த டெமோ பீஸில் திறந்து பார்த்தேன். குங்குமச் சிவப்பும் அரக்கும் அடுத்தடுத்து வரும் ஒரு பத்திரிகை. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. மயில்கழுத்து நிறமும் சரியாக வந்தது. அந்த பீஸையே கேட்டேன். "டெமோ பீஸ் கொடுக்க மாட்டோம் சார், குடோன்ல இருந்து பிரிக்காத பெட்டி வரும். அதே மாடல்தான்" என்றார் விற்பனையில் இருந்த தம்பி. எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம் என்பதால் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதில் செய்த முதல் பெரிய வேலை, புதுச்சேரி ஒயிட் டவுனில் விடுதி நடத்தும் ஒருவருக்கான தபால் அட்டைகள். வெள்ளைக் கரை போட்ட மஞ்சள் சுவர், அதன்மேல் சரிந்து கிடக்கும் காகிதப்பூ, நீலக் கதவு. அந்தத் தெருக்களில் நடந்த யாருக்கும் அந்த மஞ்சள் மறக்காது. என் திரையில் அது வெளிறிக் கிடந்தது. காகிதப்பூவின் ரோஸ் நிறம் மங்கி, செங்கல் பக்கம் சாய்ந்திருந்தது. திரை குறைத்துக் காட்டினால் வரைகிறவன் வண்ணத்தை ஏற்றத்தான் செய்வான். வேறு எதைப் பார்த்து அளவு வைப்பது? விடுதிக்காரர் தன் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "சுவரு கண்ணைக் குத்துதே" என்றார்.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு வழக்கமாக அச்சடிக்கிற பிரஸ்காரர் புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்ததும் கூப்பிட்டார். "என்ன தம்பி, உன் கையில இப்படி அடிக்கிற மஞ்சள் வராதே. கண்ணுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டார். "கண்ணுக்கு ஒண்ணுமில்லண்ணே, லேப்டாப்தான் புதுசு" என்றேன். அவருடைய மானிட்டரில் அதே ஃபைலைத் திறந்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எல்லா அட்டைக்கும் மறுபடி வண்ணம் போட வேண்டியதாயிற்று. புரூஃப் செலவும் என் கணக்கில்.

கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர் ஒருவரிடம் திரையின் வண்ணத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அதைத் திரைமேல் வைத்து அளந்தபோதுதான் 62 என்று வந்தது. பேனலின் எண்ணைப் படிக்கும் மென்பொருளையும் அவரே ஓடவிட்டார். அந்த எண்ணுக்குரிய விவரத்தாளில், பேனலைச் செய்த கம்பெனியே 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று எழுதி வைத்திருக்கிறது. எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது ஏறக்குறைய இந்த 62-தான். அப்புறம் உங்கள் ஷோரூமுக்குப் போய், டெமோ பீஸின் அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்தேன். மாடல் பெயர் ஒன்றுதான். பார்ட் நம்பரின் கடைசி எழுத்துகள் வேறு. ஆக, ஒரே பெயரில் இரண்டு விதமான திரை போட்டு விற்கிறீர்கள். நல்ல திரை மேசைமேல் இருக்கிறது, மட்டமானது குடோனில் இருக்கிறது. இது தானாக அமைந்ததா, அமைத்ததா என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். எந்தத் திரை உள்ளே இருக்கிறது என்று பெட்டியிலும் இல்லை, பில்லிலும் இல்லை.

இனி, உங்கள் ஆட்கள் சொன்ன பதில்களுக்கு வருகிறேன்.

"திரை 1.67 கோடி வண்ணம் காட்டுகிறது, அதனால் குறையில்லை" என்று ஒரு மெயில். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 256 நிலையாகப் பிரித்துப் பெருக்கினால் வருகிற கணக்கு அது. மாடிக்கு எத்தனை படி என்று சொல்லிவிட்டால் மாடி எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடுமா? சின்ன வண்ண எல்லையையும் 1.67 கோடியாகப் பிரிக்கலாம். நான் கேட்டது எல்லை எதுவரை போகிறது என்பதை.

"கேலிபரேட் செய்து பாருங்கள்", அதாவது கருவியால் அளந்து வண்ணத்தைச் சரிசெய்யுங்கள், என்றது இன்னொரு பதில். அதையும் நண்பரின் கருவியை வைத்தே செய்தோம். சாம்பல் நிறங்களில் இருந்த நீலச் சாயல் போனது, அதை மறைக்கவில்லை. 62 மட்டும் 62-ஆகவே நின்றது. திரையின் சிவப்பு எவ்வளவு சிவப்பாக வரும் என்பது அதன் பின்னொளியையும் வண்ண ஃபில்டரையும் பொறுத்தது. தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்ட விஷயம். இருக்கிற வண்ணங்களை நேராக்கத்தான் கேலிபரேஷன் உதவும். பேனலில் இல்லாத வண்ணத்தை எந்த மென்பொருளும் வரவழைக்காது. இதை ஓவியர் லேப்டாப் விற்கிற நிறுவனத்துக்கு ஓர் ஓவியன் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் ஒருவர், "பிரிண்ட்ல எப்படியும் கலர் கம்மியாத்தானே சார் வரும்" என்றார். பல வண்ணங்களில் அது உண்மை. ஆனால் நல்ல ஆஃப்செட் அச்சில் சியானும் (பச்சை கலந்த நீல மை) மஞ்சளும் சில இடங்களில் எஸ்ஆர்ஜிபி எல்லையையே தாண்டிப் போகும். அச்சில் எது குறையும், எது நிற்கும் என்று முன்கூட்டியே திரையில் பார்த்துத்தானே நாங்கள் ஃபைலைக் கொடுக்கிறோம்? அந்தப் பார்வைக்கே இந்தத் திரை உதவவில்லை.

தனியாக ஒரு மானிட்டர் வாங்கிக்கொள்ளும்படியும் ஒரு யோசனை வந்தது. பத்திரிகை வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தாத்தா முதல் சித்தி வரை எல்லோரும் சுற்றி நின்று, "அந்தச் சிவப்பு வேணாம், இன்னும் கொஞ்சம் அரக்கா போடுங்க" என்று சொல்லச் சொல்ல மாற்றிக் காட்டுகிற வேலை இது. மானிட்டரையும் தூக்கிக்கொண்டு பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நான் பஸ் ஏற வேண்டுமா?

கடைசியாக, விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். மாறட்டும். மாறிய பிறகும் அதே பக்கத்தில் 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டே எப்படி விற்கிறீர்கள்? இதை எழுதும்போதும் அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

திரை எரிகிறது, கோடு விழவில்லை, அதனால் பழுது இல்லை என்கிறீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அப்படிச் சொல்லவில்லை. விற்பவர் எந்த விதத்தில் உறுதி சொல்லியிருந்தாலும், அந்தத் தரத்தில் பொருள் குறைந்தால் அது குறைபாடு என்று அதன் பிரிவு 2(10) சொல்கிறது. தவறான வழிகாட்டும் விளம்பரத்துக்குப் பிரிவு 2(28) இருக்கிறது. ஷோரூம் புதுச்சேரியில் இருப்பதால் நான் அங்கேதான் அலைய வேண்டும் என்ற நிலையும் இப்போது இல்லை. பிரிவு 34-இன்படி, நான் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். வழக்கு நடத்த எனக்கு ஆசையில்லை, எனக்கு வேலை கிடக்கிறது. ஆனாலும் விடப் போவதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டெமோ பீஸில் இருக்கிற அந்தப் பேனலை என் லேப்டாப்பில் செலவில்லாமல் போட்டுத் தாருங்கள். இரண்டுக்கும் ஒரே கனெக்டர்தான், மாற்ற அரை மணி நேரம் போதும் என்று உங்கள் சர்வீஸ் சென்டர் டெக்னீஷியனே சொன்னார். (அவர்மேல் கோபப்பட வேண்டாம், உங்கள் பக்கத்தில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.) போட்ட பேனலின் எண்ணை எழுத்தில் கொடுங்கள், நான் திரும்ப அளந்து பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பேனல் கைவசம் இல்லையென்றால் லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு ரூ. 78,990-ஐ முழுதாகத் தாருங்கள். வேறு மாடல், கூப்பன், கூடுதல் வாரண்டி எதுவும் வேண்டாம். அதோடு, எந்தப் பார்ட் நம்பரில் எந்தத் திரை என்று இணையப் பக்கத்திலும் பெட்டியிலும் போடுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் சேர்த்து வைத்த காசில் முதல் லேப்டாப் வாங்கப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கையில் அளக்கும் கருவி வைத்திருக்கும் நண்பர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் பதில் வேண்டாம். அதை யார் சொன்னது என்று பிறகு யாருக்கும் தெரிவதில்லை.

லேப்டாப்பை எடுத்துப் போக ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே தெரிவியுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகை ஃபைல்கள் அதில் இருக்கின்றன, நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

இணைப்பு: பில் நகல், ஷோரூம் நோட்டீஸ், இணையப் பக்கத்தின் படம், திரையை அளந்த அறிக்கை, இரண்டு லேப்டாப்களின் ஸ்டிக்கர் படங்கள், சர்வீஸ் சென்டர் மெயில்கள்.