பாலத்துக்கு அந்தப் பக்கம் போன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூள் பெட்டிக்குள் கொட்டுப்படாமல் வந்து சேர்ந்ததா?

நோர்வேயை விட்டு சுவீடனுக்கு வேலைக்குப் போன நீ, போன கிழமை தொலைபேசியில், "சுவீடனும் நோர்வேயும் ஒன்றுதான் அப்பா, பாஷைகூட விளங்குது" என்றாய். அம்மா பக்கத்தில் நின்றதால் பேசாமல் இருந்துவிட்டேன். ஒன்றில்லை, தம்பி.

1994 நவம்பரில் நான் நோர்வேயின் வடக்கு மூலையான பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதா என்று 13ஆம் திகதி வாக்களித்த சுவீடன்காரர் 52.3 வீதத்தால் ஓம் என்றார்கள். 28ஆம் திகதி நோர்வே 52.2 வீதத்தால் வேண்டாம் என்றது. 1972இலும் இதே பதில்தான். எனக்கு வாக்கில்லை. ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்று தொர்ஸ்க் மீன் வெட்டிய கிழவர், "ஸ்பெயின்காரன் வந்து எங்கள் கடலை வழித்துக்கொண்டு போவான்" என்று கத்தியை ஓங்கியபடி சொன்னது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கமக்காரருக்கும் அதே பயம். வெளிநாட்டு இறைச்சிக்கு அரசு பெரிய வரி போட்டு அவர்களைக் காப்பாற்றுகிறது. அதனால்தானே சனிக்கிழமைகளில் ஸ்வீனசுண்ட் பாலத்தால் சுவீடனுக்குப் போய் இறைச்சியும் இனிப்பும் அள்ளிக்கொண்டு வந்தோம்? நீ பின் சீட்டில் சோடாப் பெட்டிமேல் காலைப் போட்டுக்கொண்டு நித்திரை. வேண்டாம் என்று வாக்களித்த சனமும் அந்த வரிசையில்தான் நின்றது!

காசு விஷயமும் வேறு. 1969இல் வடகடலில் எக்கோபிஸ்க் என்ற இடத்தில் எண்ணெய் கண்டது நோர்வேயின் அதிர்ஷ்டம். அந்தப் பணத்தை அள்ளி இறைக்காமல் அரசின் சேமிப்பு நிதியில் போட்டு, வருஷத்துக்கு ஏறக்குறைய 3 வீதம்தான் தொடலாம் என்று விதி வைத்ததுதான் கெட்டித்தனம். சுவீடனிடம் இரும்பும் மரமும் தொழிற்சாலைகளும். 1978இல் நீ இருக்கும் கோத்தன்பேர்க்கின் வொல்வோ கார் கொம்பனியில் 40 வீதத்தை நோர்வேக்குக் கொடுத்து, பதிலுக்கு எண்ணெயில் பங்கு எடுக்க ஒரு ஒப்பந்தம் பேசினார்கள். 1979இல் வொல்வோவின் பங்குக்காரர் மறுத்துவிட்டார்கள். பாவம், எப்படிப்பட்ட சந்தர்ப்பம்!

1940இல் ஜெர்மன்காரன் நோர்வேக்குள் நுழைந்தான், சுவீடன் தப்பியது. நோர்வேக்காரர் 1949இலேயே நேட்டோவில் சேர்ந்ததும், சுவீடன்காரர் 2024 வரை பொறுத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். கொடியிலும் அது தெரியும். இங்கே தேசிய நாளான மே 17 என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலத்தில் கொடிகளால் தெருவே சிவப்பாகிவிடும். சுவீடனின் தேசிய நாளான ஜூன் 6 விடுமுறை நாளானதே 2005இல்தான்.

வேலையிடத்தில் ஒன்று கவனி. அங்கே எல்லோரும் தலையாட்டும்வரை கூட்டம் முடியாது. பீக்கா என்று எல்லோரும் சேர்ந்து கோப்பி குடிக்கக் கூப்பிட்டால் போ. இங்கே மாதிரி பிரவுன் சீஸ் பாணைத் தனியாக இருந்து கடிக்காதே.

மே 17க்கு வா. வரும்போது கோழி வாங்கிக்கொண்டு வா. சுங்கத்தில் ஆளுக்கு 10 கிலோதான் விடுவார்கள், அதற்குமேல் ஆசைப்படாதே.

அப்பா