பிரிவை ஒழிப்பதன்று, ஒழுங்குபடுத்துவதே பிளாஸ்மாவின் பணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக்கெட் எஞ்சினின் வாயு வெளியேறும் மணி வடிவக் குழலான நாசிலுக்குள் நிகழும் ஓட்டப் பிரிவை, அதாவது வாயு ஓட்டம் சுவரைவிட்டு விலகுவதை, மின்னேற்றம் பெற்ற வாயுவால் ஓட்டத்தைத் தூண்டும் கருவிகளான பிளாஸ்மா ஆக்சுவேட்டர்களால் கட்டுப்படுத்துவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். எனினும், இந்தத் தொழில்நுட்பம் ஓட்டப் பிரிவை அடியோடு நீக்கிவிடும் என்று அதில் கூறப்பட்டிருப்பது திருத்தப்பட வேண்டிய கருத்து.

வெற்றிடத்தில் நன்கு இயங்குவதற்காக அகன்ற வாயுடன் வடிவமைக்கப்பட்ட நாசிலைத் தரைமட்டத்தில் இயக்கும்போது, அதனுள் விரியும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடத் தாழ்ந்துவிடுகிறது. சுவரையொட்டிய அழுத்தம் வெளியழுத்தத்தில் ஏறத்தாழ 0.4 பங்குக்கு இறங்கியதும், சுவரில் ஒட்டி ஓடும் மெல்லிய வாயு அடுக்கான எல்லைப் படலம் அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல் சுவரைவிட்டு விலகுகிறது; அவ்விடத்திலிருந்து ஓர் அதிர்ச்சி அலை கிளம்புகிறது. இந்த விலகல் உந்துவிசைக்குக் கேடு செய்வதில்லை. வெளியழுத்தத்தைவிடத் தாழ்ந்த அழுத்தம் நிலவும் பரப்பு குறைவதால், நாசில் முழுவதும் ஓட்டம் ஒட்டியிருப்பதைக் காட்டிலும் அது சற்று ஆதாயமே. ஓட்டம் சுவரைவிட்டு விலகும் இடமான பிரிவுக்கோடு வட்டம் முழுதும் ஒரே மட்டத்தில் நிற்காமல் ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் அலைவதும், விலகிய ஓட்டம் திடீரென மீண்டும் சுவரில் ஒட்டிக்கொள்வதும்தான் ஆபத்தானவை. அவற்றால் எழும் பக்கவாட்டு விசை எத்தகையது என்பதை அமெரிக்க விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) முதன்மை எஞ்சின் காட்டியது: 1979இல் நடந்த தரைச் சோதனைகளில், நாசிலைக் குளிர்விக்க ஹைட்ரஜனைக் கொண்டுசென்ற குழாயே உடைந்தது.

ஆகவே, எஞ்சின் உயிர்பெறும் அந்தச் சில நொடிகளில் பிரிவுக்கோட்டைச் சீராகவும் சமச்சீராகவும் வைத்திருக்க முடியுமா என்பதே பிளாஸ்மாவிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதில் எல்லா வகைப் பிளாஸ்மாவும் ஒன்றல்ல. மின்கடத்தாப் பொருளின் இருபுறமும் மின்வாய்களைப் பதித்து, கிலோவோல்ட் அளவில் மாறுமின்னழுத்தம் கொடுத்து உண்டாக்கும் அயனிக் காற்றின் வேகம் நொடிக்குச் சில மீட்டரே. நாசிலின் முதன்மை ஓட்டமோ நொடிக்குப் பல ஆயிரம் மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்தக் காற்று இதைத் தள்ளி நிறுத்தும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. நானோநொடித் துடிப்புகளும் சிறு மின்வில்களும் வேறு வழியில் செயல்படுகின்றன. அவை வாயுவை ஒரே இடத்தில் சட்டென்று சூடாக்கி அழுத்த அலையை எழுப்புகின்றன. பிரிந்த ஓட்டத்தின் விளிம்பில் இயல்பாகவே வளரக்கூடிய அலைவுகளோடு இசையும் அதிர்வெண்ணில் அவ்வலைகளைக் கொடுத்தால், சிறிய ஆற்றலும் பெரிய மாற்றத்தைத் தூண்டக்கூடும். இவ்விரு வகைகளையும் கட்டுரையாளர் வேறுபடுத்திக் காட்டாதது பெருங்குறை.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். குளிர்ந்த காற்றைப் பாய்ச்சிச் சிறு நாசிலில் பெறும் முடிவு, 3,000 கெல்வினுக்கு மேல் எரியும் எஞ்சினுக்கு அப்படியே பொருந்தாது. அங்கு மின்வாய்களும் காப்புப்பூச்சும் குளிர்விப்புக் குழாய்களாலான சுவரின் மேலேயே வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கி நிற்க வேண்டும். புகைக்கரி படிந்தால் மின்னோட்டம் வேறு பாதையில் கசிந்துவிடும். ஒரு முடிவு எந்த வாயுவில், எந்த அழுத்த விகிதத்தில் பெறப்பட்டது என்பதையும் இத்தகைய கட்டுரைகள் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு மணியின் வாயில் இன்னொரு அகன்ற மணியைப் பொருத்தியது போன்ற இரட்டை மணி வடிவ நாசிலைப் பற்றியும் தங்கள் இதழில் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் தாழ்ந்த உயரத்தில் சுவரின் வளைவு முறியும் இடத்திலேயே ஓட்டம் பிரிய வேண்டும். உயரே சென்றதும் ஒரே பாய்ச்சலில் முழுச் சுவரிலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றம் விரைவாகவும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்திலும் நிகழ, தக்க தருணத்தில் கொடுக்கும் ஒரு சிறு தூண்டல் உதவக்கூடும் என்பதால், பிளாஸ்மாவுக்கு மிகப் பொருத்தமான களம் அதுவாகவே இருக்கலாம் என்று நான் கருதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்