செயலாளரின் ஆண்டறிக்கை: செயற்கைக்கோள் வழி வறட்சிக் கண்காணிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பேரவை என்னிடம் ஒப்படைத்த வறட்சிக் கண்காணிப்பைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி, பன்றிமலை, ஆடலூர்ப் பக்கங்களில் காப்பியும் மிளகும் மலைவாழையும் பெரும்பாலும் வானம் பார்த்த வெள்ளாமைதான். பங்குனி, சித்திரையில் பூ மழை தவறினால் காப்பி மகசூலும் தவறிவிடும். ஆகவே ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இலவசமாகத் தரும் படங்களை இவ்வாண்டு தொடர்ந்து பார்த்து வந்தோம். இரண்டு கோள்களுமாகச் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை நம் மலையைப் படமெடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். செழித்த இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பியனுப்பும்; அந்த வேறுபாட்டிலிருந்து கணக்கிடப்படும் தாவரக் குறியீடு சரிந்தால், வறட்சி என்று ஐயுற இடமுண்டு.

சமவெளிச் சோளக்காட்டுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு நம் தோட்டங்களில் இடறியது. சித்திரையில் மிளகுக்கொடியின் இலை பழுத்து உதிர்ந்தபோதும், காப்பி இலை நண்பகலில் துவண்டு தொங்கியபோதும் குறியீடு இறங்கவேயில்லை. மேலிருந்து பார்க்கும் கோளுக்குத் தெரிவது ஆழ வேர்விட்ட நிழல் மரமான சில்வர் ஓக்கின் தலைதானே தவிர, அதன் கீழுள்ள பயிர் அன்று. நிவாரணம் கேட்டு நாம் கொடுத்த மனுவை ஓர் அலுவலகம் "படத்தில் பச்சையாகத்தானே இருக்கிறது" என்று திருப்பிவிட்டதை இங்கே வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். இதற்கு நேர்மாறாக, நிழல் மரங்களைக் கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) தோட்டமோ நல்ல ஈரமிருந்தும் வறண்டதுபோல் காட்டியது.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் படங்களை மறைத்துவிட்டது. மார்கழியில், கோள் கடக்கும் முற்பகல் பத்தரை மணியளவில், வடமேற்குச் சரிவுகள் மலைநிழலில் கிடந்தன. மண் ஈரத்தை அளக்கும் நாசாவின் ஸ்மாப் கோளின் ஒரு கட்டமோ சுமார் 36 கிலோமீட்டர். மலையும் அடிவாரமும் அதற்குள் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன.

எனவே ஒவ்வொரு தோட்டத்தையும் அதன் முந்தைய ஆண்டுகளின் அதே பட்சத்தோடு (பதினைந்து நாளோடு) மட்டுமே ஒப்பிடுவது, கவாத்துத் தேதியையும் மழைமானி அளவையும் அதனருகே எழுதி வைப்பது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. மழையளவைக் காலை 8.30 மணிக்கே குறிக்க வேண்டுகிறேன். ஒரு மழைமானியில் தவளை குடியிருந்ததால் அங்கே இரண்டு நாள் அளவை நீக்கினோம். புனலுக்கு வலை போடும் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்