ஏன் இனிமேல் ஆர்டர் வந்த பிறகே துணி வெட்டுகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கோத்தகிரி,
ஆடி மாதம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் நம் கடையில் ஒரு மாற்றம் வருகிறது. தைத்து அடுக்கி வைத்து விற்பதை நிறுத்திவிட்டு, நீங்கள் ஆர்டர் கொடுத்த பிறகே துணி வெட்டப் போகிறோம். ஆகஸ்டில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை, வருடத்துக்கு இரண்டே தடவைதான் ஆர்டர் எடுப்போம். கடைக்கு வந்தால் எல்லா சைஸிலும் போட்டுப் பார்க்க ஒவ்வொரு பீஸ் தொங்கும். பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போனால் ஆறேழு வாரத்தில் வீட்டுக்கு வந்து சேரும்.

கையில காசு, வாயில தோசை என்று வாங்கிப் பழகிய காலத்தில் உங்களை ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறோம். அதற்கான காரணத்தை முழுதாகச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

ஒரு டிசைனை ஐந்து சைஸில், மூன்று நிறத்தில் போட்டால் பதினைந்து வகை ஆகிவிடும். மீடியமும் லார்ஜும் முதல் வாரமே போய்விடும். ஸ்மாலும் டபுள் எக்ஸெல்லும் அலமாரியில் நிற்கும். நிற்கிற ஒவ்வொரு பீஸும் நூலுக்கும் சாயத்துக்கும் தையலுக்கும் நாங்கள் கொடுத்து முடித்த பணம். பெரிய கம்பெனி என்றால் ஆடித் தள்ளுபடி போட்டுக் கழித்துவிடும். அந்தத் தள்ளுபடியையும் சேர்த்துத்தான் முதல் விலையே போட்டிருப்பார்கள். நாங்கள் அப்படி ஏற்றி வைப்பதில்லை, அதனால் இறக்கவும் இடமில்லை. போதாததற்கு நம் ஊர் ஈரம் வேறு. மடித்து வைத்த பருத்தியை மழை மாதங்களில் அடிக்கடி பிரித்து உதறிக் காற்றாட விடாவிட்டால் மடிப்பில் பூஞ்சணம் புள்ளி வைத்துவிடும். அந்தக் கரும்புள்ளி எத்தனை துவைத்தாலும் லேசில் போகாது.

பணத்தைவிட எங்களை அதிகம் வாட்டுவது வேறு. காலையில் கடை திறந்ததும் கண்ணில் படுவது விற்காத அடுக்காக இருந்தால், புதிதாக ஒன்று வரைய கை எழாது. "முதலில் இதை விற்றுத் தீர்ப்போம், பிறகு யோசிக்கலாம்" என்றே மாதங்கள் போய்விடும். சொந்தமாக யோசித்துத் துணி செய்கிற சின்னக் கடைக்கு அதைவிடக் கேடு இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். முடங்கிக் கிடக்கும் சரக்கு அடுத்த டிசைனைப் பிறக்கவே விடாது.

துணி எங்கிருந்து வருகிறது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். திருப்பூரில் இருந்துதான். மேட்டுப்பாளையம் இறங்கி அன்னூர், அவிநாசி வழியாகப் போய் வருகிறோம். அங்கே எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு இரண்டு வழி. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணியை எடைக்கு வாங்கலாம். தரம் அருமையாக இருக்கும், ஆனால் அந்த நிறம் அத்தோடு சரி, மறுபடி கேட்டால் கிடைக்காது. இல்லாவிட்டால் நூல் வாங்கி, நிட்டிங் கொடுத்து, சாயம் ஏற்றி, துவைத்தால் அதிகம் சுருங்காதபடி அழுத்தும் காம்பேக்டிங் முடித்து எடுக்க வேண்டும். மெஷின் நிறையாவிட்டால் சாயப்பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு நிறத்துக்குக் குறைந்தது இவ்வளவு கிலோ என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கிலோ துணியில் டிஷர்ட் என்றால் நான்கு தேறும். நம் குளிருக்குப் போடுகிற கனமான ஸ்வெட்ஷர்ட் இரண்டுதான் தேறும்.

உங்கள் ஆர்டர் முன்கூட்டியே கையில் இருந்தால் எந்த நிறத்தில் எத்தனை கிலோ வேண்டும் என்று தெரிந்து, எல்லாவற்றையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில், சாயம் போட்டுவிடலாம். லாட் மாறினால் ஷேடு மாறும். கையை ஒரு லாட்டிலும் உடம்பை இன்னொரு லாட்டிலும் வெட்டிவிட்டால் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

சாயக் கூலியில் மட்டும் நாங்கள் பேரம் பேசுவதில்லை. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கழிவுநீரை ஆற்றில் விடாமல் முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை நடத்தலாம் என்பது அதற்குப் பிறகு அங்கே கண்டிப்பானது. அந்தச் செலவும் சேர்ந்ததுதான் இன்றைய சாயக் கூலி. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீர் சுற்று வட்டாரத்து விவசாயத்தை என்ன செய்தது என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பவானிக்குத் தண்ணீர் அனுப்பும் மலையில் உட்கார்ந்துகொண்டு நொய்யலுக்கு என்ன ஆனால் என்ன என்று எங்களால் இருக்க முடியாது.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். நம் பஞ்சு வைத்த ஜாக்கெட் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. 2,500 ரூபாயை நாங்கள் 2,600 ஆக்கினால் உங்கள் பில் 2,625இல் இருந்து 3,068க்குத் தாவிவிடும். அதனால் ஜாக்கெட்டை 2,500க்குள்ளேயே நிறுத்தியிருக்கிறோம். டிஷர்ட், ஸ்வெட்ஷர்ட் விலை கொஞ்சம் ஏறும். ஏறுகிற தொகை முழுவதும் தைக்கிற அக்காக்களின் சம்பளத்துக்குப் போகிறது. பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) இருந்தும் டவுனில் இருந்தும் வருகிற அவர்களுக்கு இங்கே பீஸ் ரேட் கிடையாது, மாதச் சம்பளம்தான். பீஸ் கணக்கு என்று வந்துவிட்டால் யாருக்கும் பிரித்துத் தைக்க மனசு வராது.

இனி, இந்த மாற்றத்தின் உண்மையான காரணத்துக்கு வருகிறோம்.

"எப்படி இத்தனை வருஷமாகச் சலிக்காமல் செய்கிறீர்கள்?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. சலிப்பு வராமல் இல்லை. சீசன் கூட்டம் இறங்கிப் போனபின், மூடுபனி கவிந்து பகலிலேயே விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிற வாரங்களில், போனைத் திறந்தால் பெரிய பிராண்டுகளின் படங்கள் வரிசையாக ஓடும். நாம் செய்வது யாருக்கு வேண்டும் என்று தோன்றும். அந்த நேரத்தில் பாராட்டும் லைக்கும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. எங்களைத் திரும்ப வெட்டு மேஜைக்கு இழுத்து வருவது ரிப்பேருக்கு வருகிற துணிகள்.

போன பனிக்காலத்தில் குன்னூரில் இருந்து ஒரு ஜாக்கெட் வந்தது. போட்டிருந்தவர் தினமும் டூவீலரில் போய் வருகிறவர். மேஜையில் விரித்ததும் தெரிந்துவிட்டது. வலது மணிக்கட்டில் இழுபடும் ரிப் துணியின் மடிப்பில் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது, இடது கை புதிது மாதிரி இருந்தது. வலதுதான் ஆக்சிலேட்டர் திருகும் கை. தையல் ஒன்றும் விடவில்லை, மடிப்பின் விளிம்புதான் கைப்பிடியில் உரசி உரசிப் போயிருந்தது. ஜிப்பின் மேல்நுனி தாடையில் படுகிற இடத்தில் காலர் துணி பொசுங்கினாற்போல் மெலிந்திருந்தது. ஜிப்பின் அடியில் இருக்கும் சின்னப் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டைப் பூட்டியபடியே சீட்டில் உட்கார்ந்தால் இழுவை முழுதும் அந்தப் பெட்டிக்குத்தான். அந்த ஒரு ஜாக்கெட் நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாததைச் சொல்லிக் கொடுத்தது. அடுத்த பேட்டர்னில் ரிப்பை நீட்டி உள்ளுக்கு மடக்கிக் கொடுத்தோம். ஜிப் நுனிக்கு ஒரு துணி மூடி வைத்தோம். கீழேயும் திறக்கிற டூ வே ஜிப்புக்கு மாறினோம். இப்போது நீங்கள் போட்டிருக்கிற ஜாக்கெட் அதுதான்.

இலை பறிக்கிற அக்கா ஒருவரின் ஸ்வெட்ஷர்ட் இன்னொன்று. முன்பக்கம் இடுப்பை ஒட்டி மட்டும் மொசுமொசுவென்று பிய்ந்திருந்தது. கவாத்து செய்து சமமாக நிற்கிற தேயிலைச் செடி அந்த உயரத்துக்குத்தான் வரும். அந்த இடத்தில் இன்னொரு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தோம். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது, அதையே ஒரு டிசைனாக வரைந்து வைத்திருக்கிறோம். ஆகஸ்டில் பார்ப்பீர்கள்.

ரிப்பேருக்கு வரும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறோம்: எங்கே தேய்ந்தது, எந்த வேலை செய்பவர், எத்தனை வருடம் ஆயிற்று. வரைய ஒன்றும் தோன்றாத நாளில் அந்த நோட்டைப் புரட்டினால் போதும், மதியத்துக்குள் ஏதாவது ஒரு காலரோ பாக்கெட்டோ தாளில் வந்துவிடும். நாங்கள் தைத்ததை ஒருவர் மூன்று குளிருக்குப் போட்டு, தூக்கி எறிய மனமில்லாமல் திருப்பி அனுப்புகிறார் என்றால், அதைவிடப் பெரிய உற்சாகம் எங்களுக்கு வேண்டாம். ஆர்டர் முறையால் மிச்சமாகிற நேரத்தை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறோம். நம் கடையில் வாங்கிய எதற்கும், எத்தனை வருடம் ஆனாலும், தையல் கூலி வாங்க மாட்டோம். ஜிப், ரிப் மாற்றினால் அந்தப் பொருளின் காசு மட்டும்.

நம் மலையின் தோடர் பழங்குடிப் பெண்கள் செய்கிற பூவேலையை டிஷர்ட்டில் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி அடிக்கடி கேட்கிறீர்கள். அன்பாகத்தான் கேட்கிறீர்கள், ஆனால் அதை நாங்கள் செய்ய மாட்டோம். அவர்களின் சால்வையான பூத்துக்குளியில் அந்தச் சிவப்பும் கறுப்பும் எப்படி ஏறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். வரைந்துகொள்வது கிடையாது, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டகமும் கிடையாது. நெய்த துணியின் ஊடும் பாவும் எண்ணி எண்ணி ஊசி போகிறது. இழையைக் கொஞ்சம் தளர்வாக விடுவதால் பூ மேலெழும்பி, தடவினால் விரலில் தட்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அதைப் படம் எடுத்து மெஷினில் அச்சடித்தால் அந்தப் பெண்களின் கையில் இருந்து வேலையைப் பிடுங்கி நம் பெயரில் விற்பதாகத்தான் ஆகும். வேண்டுமென்றால் அவர்களிடமே வாங்குங்கள், அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்குங்கள். நம் கடையின் கோடுகள் நம் நோட்டில் இருந்தே வரட்டும்.

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் "நாங்களும் சொந்த பிராண்ட் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். தாராளமாக. பெயர், லோகோ, லேபிள் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு உடையை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பேனாவால் குறித்து, மூன்று முறை துவைத்துக் காயப்போட்டு மறுபடி அளந்து பாருங்கள். 47.5க்கு வந்திருந்தால் ஐந்து சதவீதம் சுருங்குகிறது என்று அர்த்தம். பேட்டர்னில் அதற்கு இடம் விடுங்கள். தைத்ததை ஒரு மழைக்காலம் முழுக்க நீங்களே போடுங்கள். அதற்குப் பிறகும் அதைப் போட ஆசையாக இருந்தால் பெயர் வையுங்கள். ஆடைக்கு டிரேட்மார்க் 25ஆம் வகுப்பில் பதிய வேண்டும், பதிந்தால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மதியம் கடைக்கு வந்தால் எங்கள் பேட்டர்ன் அட்டைகளை எடுத்துக் காட்டுகிறோம், கூச்சப்படாமல் வாருங்கள்.

ஆகஸ்ட் ஆர்டருக்குச் சில குறிப்புகள். பாதித் தொகை முன்பணம், மீதி அனுப்பும்போது. நம் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும், மண் சரிந்தால் மலைப்பாதை எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எல்லாப் பார்சலையும் கீழே இறக்கிவிடுவோம். கவர் பிளாஸ்டிக்கில் வராது, கட்டிங்கில் விழுந்த துண்டுகளில் தைத்த பையில் வரும்.

அளவு சொல்லும்போது உடம்பை அளந்து அனுப்ப வேண்டாம். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குள் தையலில் இருந்து மறு அக்குள் தையல் வரை அகலமும், தோள் உச்சியில் இருந்து கீழ் மடிப்பு வரை நீளமும், தோள் தையலில் இருந்து மணிக்கட்டு வரை கை நீளமும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். டூவீலர் ஓட்டுகிறவர் என்றால் அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், கையை இரண்டு சென்டிமீட்டர் நீட்டி வெட்டுகிறோம். ரிப்பேருக்கு அனுப்புகிறவர்கள் துவைத்து, நன்றாகக் காயவைத்து அனுப்புங்கள். தேய்ந்தது எப்படி என்று தெரிந்தால் ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள், நோட்டில் ஏற்றிக்கொள்கிறோம்.

அன்புடன்,
கடையில் இருந்தும் தையல் கூடத்தில் இருந்தும்,
நாங்கள் எல்லோரும்