பெயர் தெரியாத லேப் அட்டெண்டர் அண்ணாவுக்கு நன்றி

போன வாரம் கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் என் தங்கையின் கண்ணில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசல் தெறித்துவிட்டது. பக்கத்து லேபிலிருந்து ஓடிவந்த நீங்கள்தான் அவளைக் குழாயடிக்கு அழைத்துப்போய், இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினீர்கள். யாரோ போரிக் அமிலத்தை நீட்ட, "வேண்டாம், தண்ணி போதும்" என்று தடுத்தீர்களாம். காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். நொடிகூட வீணாகக் கூடாது. எரிச்சலில் அவள் திமிறியும் 20 நிமிடம் நீங்கள் விடவில்லை. அப்புறம் பாட்டில் லேபிளைப் போனில் படமெடுத்துக் கொடுத்தனுப்பினீர்கள். டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்!

பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, அண்ணா. அம்மா உங்களை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். திங்கட்கிழமை வருகிறோம்.